சம்பந்தியம்மா கடித்த பொய்மீன்

மனிதன் எத்தனை பெரியவன் என்பதை அவன் பிடித்த மீன் சொல்லாது. அவனிடமிருந்து தப்பிய மீன்தான் சொல்லும். ஏரியின் ஆழம் நீரில் இல்லை, காத்திருப்பவனின் நெஞ்சில் இருக்கிறது.

பெருமீன் தூண்டிலாளர் சங்கத்தின் விதிமுறைப் புத்தகம் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் சங்கத் தலைவர். பதினான்கு வருடமாக அந்த ஏரியில் தூண்டில் வீசுகிறார். அவரிடம் பிடிபட்ட மீனும் இல்லை, தப்பிய மீனும் இல்லை. ஒருமுறை ஒரு ரப்பர் செருப்பு வந்தது. அதுவும் ஒற்றைச் செருப்பு.

சங்கத்தில் பதினோரு பேர். கொள்கை ஒன்றே ஒன்று: பெரிய மீனுக்குப் பெரிய இரை. ஏரியில் ட்ரவுட் மீன்கள் உண்டு. சின்னதாக இருக்கும்வரை பூச்சி, புழு என்று கிடைத்ததைத் தின்று பிழைக்கும். ஒரு அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டால் பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தன் இனத்துச் சின்ன மீன்களையே விழுங்க ஆரம்பிக்கும். பதவி உயர்வு வந்த சில மனிதர்களிடமும் இந்தக் குணத்தைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஒன்றை மயக்க, முழங்கை நீளத்துக்கு மரத்தில் செதுக்கி, நடுவில் இரண்டு மூட்டு வைத்து, வயிற்றில் ஈயம் புதைத்து, முதுகில் பச்சையும் விலாவில் வெள்ளியும் பூசி, அடியில் மும்முனைக் கொக்கிகளைத் தொங்கவிட்ட பொய்மீன் வேண்டும். அதை எறிய, கொடிக்கம்பம் மாதிரி ஒரு கோல் வேண்டும். எறிந்து எறிந்து தோள்பட்டை கழன்று போகாமலிருக்கத் தைலம் வேண்டும். சங்கத்தில் சீக்கிரம் தீர்ந்துபோகும் பொருள் தைலம்தான்.

அவர்கள் தேடிய பெருமீனுக்கு 'சம்பந்தியம்மா' என்று பெயர். வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். எத்தனை அலங்காரம் பண்ணி முன்னால் கொண்டுபோய் வைத்தாலும் மெதுவாகப் பின்னால் வருமாம். மேலும் கீழும் பார்க்குமாம். ஏதோ குறை கண்டுபிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுமாம். பின்னால் வந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அந்தச் சம்பந்தியம்மா வாயைத் திறந்து கடித்த ஒரே பொய்மீன் எடைமேடைக்காரருடையது.

எடைமேடைக்காரர் முப்பத்தோரு வருடம் நெடுஞ்சாலை எடைமேடையில் லாரிகளை நிறுத்தவர். லாரி தூரத்தில் வரும்போதே சக்கரத்தைப் பார்த்து எடை சொல்லிவிடுவார். முள் அப்புறம்தான் வந்து ஆமோதிக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால், மேகம் போட்ட ஒரு காலையில், படகில் தனியாகப் போனவர் மத்தியானம் திரும்பி வந்து பொய்மீனைச் சங்க மேசைமேல் வைத்தார். முதுகில் பிறை மாதிரி ஒரு பல்வரிசை. வயிற்றில் இன்னொரு பிறை. "பதினாலு கிலோ. ஒரு இருநூறு கிராம் முன்னே பின்னே இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். லாரியையே கிலோ பிசகாமல் சொன்ன மனிதரிடம் மீனுக்கா சாட்சி கேட்பது?

அதற்கு அடுத்த நாள் சங்கத்தின் பொதுக்குழு. 'இந்த ஏரியில் பெருமீன் இல்லாதபடியால் சங்கத்தைக் கலைத்துவிடுவது' என்ற தீர்மானத்தைத் தலைவர் சொந்தக் கையால் எழுதி வைத்திருந்தார். அதைக் கிழித்துவிட்டு, விதிமுறைப் புத்தகத்தின் முதல் இரண்டு வரிகளை எழுதினார்.

இப்போது எடைமேடைக்காரர் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அவருடைய ஒரே மகன் பல்செட் செய்கிறவன். பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலோரம், மெழுகும் பிளாஸ்டரும் சிந்திய மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறான். முன்னறையில் மருத்துவர் வாயைப் பார்ப்பார்; இவன் வாயின் அச்சை மட்டும் பார்ப்பான். ஊரில் பாதிப் பேரை இவனுக்கு முகம் தெரியாது, ஈறு தெரியும்.

அப்பா போனதிலிருந்து அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினை. அழுகை வரவில்லை. தூக்கம் கெடவில்லை. மூன்றாம் நாளே வேலைக்குப் போய் ஒரு கீழ்வரிசை முடித்தான். சொந்தக்காரர்கள், "கல்லு மாதிரி நிக்கிறான்யா, எவ்வளவு தைரியம்" என்றார்கள். பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் உதட்டை விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி அவனும் அவ்வப்போது அப்பாவை நினைத்துப் பார்த்தான். தட்டுவது தெரிந்தது. வலி தெரியவில்லை.

"ஏங்க, ஒரு தடவை அழுதுடுங்களேன்" என்றாள் மனைவி, அவன் சட்டைப் பொத்தானைத் தைத்தபடி.

"வந்தா அழ மாட்டேனா?"

"வராதுன்னு உட்கார்ந்திருந்தா எப்படி வரும்? அவரோட சட்டை ஏதாவது எடுத்துப் பாருங்க."

"பார்த்தேன். கை முழங்கைல கிழிஞ்சிருக்கு. தைக்கணும்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்துபோனாள்.

இருபதாம் நாள் தலைவர் மருத்துவமனையின் பின்னறைக்கே வந்தார். ஓய்வு பெற்ற அஞ்சலக மேலாளர். உட்காரும்போதுகூட முத்திரை குத்துவது போல அழுத்தி உட்காருவார். கையில் ஒரு தலையணை. தலையணைமேல் வெல்வெட். வெல்வெட்மேல் அப்பாவின் பொய்மீன்.

"தம்பி, உங்கப்பா சாகலை. இந்தப் பற்குறியில வாழறார்" என்றார்.

"சரிங்க சார்" என்றான் அவன்.

விஷயம் இதுதான். ஏரியில் புதிதாகப் படகுத்துறை கட்டி முடித்திருக்கிறார்கள். அதற்கு எடைமேடைக்காரர் பெயரை வைக்கவேண்டுமென்று சங்கம் மனுப் போட்டது. ஏரி அலுவலகம் ஒரு படிவத்தைத் திருப்பி அனுப்பியது. 'பெயர் சூட்டப்படும் நபரின் நிரூபிக்கப்பட்ட சாதனை: ஆதாரம் இணைக்கவும்.' ஆதாரம் என்று இருப்பது இந்த இரண்டு பிறைகள்தான். அவற்றை அச்செடுத்து, அளவெடுத்து, இது பல்லால் பதிந்த குறிதான் என்று பல் தொழில் தெரிந்த ஒருவர் சான்று எழுதித் தரவேண்டும்.

"வெளியாளுக்கு என்ன தெரியும்? பல்லும் உங்க தொழில், அப்பாவும் உங்க அப்பா. வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைவானேன்?" என்றார் தலைவர். "உங்கம்மாகிட்டயும் பேசினேன். அந்தம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. 'அவர் பேரு அங்க இருக்கணும்'னாங்க."

அம்மா சொன்னது உண்மைதான். இருபது நாளில் அவள் கேட்டது அது ஒன்றைத்தான். சாப்பாடு வேண்டுமென்றுகூடக் கேட்கவில்லை.

தலைவர் போனபின் அவன் பொய்மீனைக் கையில் எடுத்தான். இத்தனை வருடத்தில் அவன் அதைத் தொட்டதேயில்லை. சங்கத்தில் பூட்டிவைத்த பொருள். கையெட்டும் தூரத்துக்கு அப்பால் நின்று கும்பிடாத குறையாகத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். இலேசான மரம். பூச்சு சரியாகக் காயும் முன்பே குறி பதிந்திருந்தது; பிறையின் விளிம்பில் பெயிண்ட் மெழுகு போல ஒதுங்கி இறுகியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். ஆனால் யோசிக்கவில்லை. இருபது நாளாக அவன் எதையும் யோசிக்கவில்லை. கை செய்வதைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அச்சுப் பசையைக் குழைத்து இரண்டு பிறைகளின் மேலும் அழுத்தினான். நான்கு நிமிடம். உரித்தெடுத்தான். உள்ளே பிளாஸ்டர் ஊற்றி, குமிழி வராமல் தட்டி, இறுக வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தான். பிளாஸ்டரைப் பிரித்து மேசைவிளக்கின் கீழே பிடித்தான்.

முதுகுப் பிறையில் எட்டுப் பல்லின் நுனி பதிந்த குழிகள். வெட்டுப் பல் நான்கு, பக்கத்துக்கு ஒரு கோரைப்பல், ஒரு சிறு கடைவாய்ப்பல். இடது கோரைப்பல் கொஞ்சம் உள்ளே திரும்பியிருந்தது.

அந்தப் பல்லை அப்படித் திருப்பி வைத்தவன் அவன்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால், அப்பாவுக்கு முழுசெட் செய்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முத்து கோத்த மாதிரி வைக்காதடா, பொய்ப்பல்லுன்னு ஊரே சொல்லும். பழைய பல்லு மாதிரி ஒண்ணு கோணலா இருக்கட்டும்." இருபத்திரண்டு வருடத்தில் அவன் வேண்டுமென்றே கோணலாக வைத்த ஒரே பல் அது.

அவன் பிளாஸ்டரை மேசைமேல் வைத்தான். துணியால் கையைத் துடைத்தான். பிறகு அம்மா வீட்டுக்குப் போனான்.

சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்குள் தண்ணீரில் அப்பாவின் பல்செட்.

"இன்னும் தண்ணி மாத்துறியாம்மா?"

"மாத்தாம? நாறிடும்ல."

அவன் செட்டை எடுத்து உதறினான். கொண்டுவந்திருந்த பொய்மீனைத் துணியிலிருந்து பிரித்தான். மேல்வரிசையை முதுகுப் பிறையில் வைத்தான். பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. அம்மா அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்மா, பெரிய மீன் கடிச்சுதுன்னு அப்பா வந்தாரே ஒருநாள், ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? பல்லெல்லாம் பச்சை. என்னங்க இதுன்னேன். ஏரிப் பாசின்னாரு. பாசியைத் தேய்க்க டர்பன்டைன் எதுக்குடா? பழைய பிரஷைக் கேட்டு வாங்கி, கொல்லைல உட்கார்ந்து அரை மணி நேரம் தேய்ச்சாரு. அப்புறம் மூணு நாளைக்கு, சோத்துல என்னடி வாடைன்னு என்னைத் திட்டினாரு."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தக் கேக்க? முப்பத்தோரு வருஷம் லாரி லாரியா நிறுத்த மனுஷன். ஒரு மூட்டை கூடக் குறையச் சொன்னதில்ல. வாழ்க்கைல ஒரே ஒரு மீன் கூடச் சொல்லிட்டாரு. விடு."

பால் பொங்கியது. அணைத்தாள்.

"பேரு வைப்பாங்களா, மாட்டாங்களா? அதைச் சொல்லு."

"நான் எழுதிக் குடுத்தா வைப்பாங்க."

"அப்ப எழுதிக் குடு. அந்த மனுஷன் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்ததில்ல. வர்றவங்க எங்க அவரைக் காணோம்னு கேட்டா, ஏரியிலன்னு சொல்லுவேன். இனிமேயும் அதையே சொல்லிட்டுப் போறேன்."

அவன் சரி என்றான். அம்மா அழுவாள் என்று காத்திருந்தான். அவள் டம்ளரைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து வைத்தாள். அவன், செட்டைக் கொஞ்ச நாள் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். "திருப்பிக் குடுத்துடணும்" என்றாள்.

சான்று எழுத இரண்டு நாள் ஆனது. பொய் எழுதக் கை வரவில்லை. அதற்கும் ஏதாவது உணர்ச்சி வேண்டுமல்லவா? எனவே உண்மையை மட்டும் எழுதினான். 'இரண்டு பிறைகளும் ஒரே உயிரினத்தின் மேல்தாடை, கீழ்த்தாடைப் பற்களால் பதிந்தவை. பிறையின் அகலம் நாற்பத்து நான்கு மில்லிமீட்டர். உயிரினம் வயது முதிர்ந்தது. கடி ஒரே முறை, முழு பலத்துடன் நிகழ்ந்தது. இடப்பக்கம் ஆழமாகவும், வலப்பக்கம் போகப்போக மங்கலாகவும் பதிந்துள்ளது. வலப்பக்கப் பற்கள் சரியாகக் கூடவில்லை.'

தலைவர் இரண்டு முறை படித்தார். "பிரமாதம். ஒரு எழுத்துகூட வீண் இல்லை. ஒரே ஒரு திருத்தம்" என்று பேனாவைத் திறந்து, 'உயிரினம்' என்று வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு 'பெருமீன்' என்று எழுதினார். "அலுவலகத்துல இருக்கிறவங்களுக்கு உயிரினம்னா புரியாது."

அவன் திருத்தத்தைப் பார்த்தான். அடியில் கையெழுத்துப் போட்டான்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரி சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. புதுப் படகுத்துறையில் சிமென்ட் வாசனை இன்னும் போகவில்லை. திரை போட்ட பெயர்ப்பலகை, பக்கத்தில் மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பொய்மீன். அம்மா முதல் வரிசை நாற்காலியில் கைப்பையை மடியில் பிடித்து உட்கார்ந்திருந்தாள்; மனைவி பக்கத்தில். சங்கத்தார் பத்துப் பேரும் கொடிக்கம்பக் கோல்களைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவருடைய கொக்கி அடுத்தவருடைய தொப்பியில் மாட்டிக்கொண்டதால், இருவரும் கடைசிவரை பிரியாமல் நின்றார்கள்.

துறையின் ஓரத்தில் கவிழ்த்த வாளியின்மேல் புழுக்காரர் உட்கார்ந்திருந்தார். குளிர்பெட்டி பழுது பார்ப்பவர். விடுமுறை நாளில் புழு கோத்து, உள்ளங்கை நீளத்து ட்ரவுட்டுகளைப் பிடித்து, வறுத்துத் தின்பவர். சங்கம் அவரை மனிதராகவே மதிப்பதில்லை. அவரும் சங்கத்தை மீன் பிடிப்பவர்களாக மதிப்பதில்லை. "அந்தக் கட்டையை மீன் மெல்லணும்னா அதுக்கு முதல்ல பல்செட்டு கட்டணும்ணே" என்று எடைமேடைக்காரரிடமே சொல்லியிருக்கிறார்.

தலைவர் மைக்கைப் பிடிக்கும் முன், புழுக்காரர் எழுந்து வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். இத்தனை கிட்டத்தில் அவரும் இப்போதுதான் பார்க்கிறார். நிமிர்ந்து, மகனைப் பார்த்தார்.

"தம்பி, நான் ஒரு பத்தாயிரம் ட்ரவுட்டாவது அறுத்திருப்பேன். அதோட பல்லு ஊசி மாதிரி இருக்கும். குத்தும், கீறும். இப்படி பன்னைக் கடிச்ச மாதிரி பிறை போடாது."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"தெரியும்."

புழுக்காரர் முதல் வரிசையில் இருந்த அம்மாவை ஒருமுறை பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப சரி" என்று சொல்லி வாளிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். மனிதன், நீர், காலம் ஆகிய மூன்றையும் தொட்டார். சான்றிதழை உரக்கப் படித்தார். 'வலப்பக்கப் பற்கள் சரியாகக் கூடவில்லை' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் கூடவில்லை? சிந்தித்துப் பாருங்கள்! நம் சம்பந்தியம்மாவின் வலது தாடை, ஏதோ ஒரு பழைய போரில் உடைந்த தாடை! நாம் அறியாத ஏதோ ஒரு மாவீரனோடு நடந்த போர்! அந்தத் தாடையோடுதான், அந்த வலியோடுதான், அது எடைமேடைக்காரரைச் சந்தித்தது!"

கைதட்டல் பலமாக இருந்தது. வலது தாடை கோணிய மீனைத் தேடிப் பிடிக்க ஐவர் குழு ஒன்று அங்கேயே அமைக்கப்பட்டது. திரை விலகியது. அப்பாவின் பெயர் நீல எழுத்தில் இருந்தது. அம்மா அதை, விலாசம் சரிபார்ப்பது போல, எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஒரு நிமிட மௌனம் அறிவித்தார்கள். அவன் தலையைக் குனிந்தான். இப்போதாவது வரும் என்று காத்திருந்தான். வந்ததெல்லாம் அப்பாவின் குரல்தான், அதுவும் எரிச்சலான குரல். "டேய், வலப்பக்கம் கடிபடவே மாட்டேங்குதுடா." ஒவ்வொரு தடவை வீட்டுக்குப் போகும்போதும் சொல்வார். "பழகிடும்ப்பா" என்பான் இவன். "ஒரு வருஷமாச்சேடா." "சிலருக்கு லேட்டாகும்ப்பா." எல்லா நோயாளிகளுக்கும் அவன் சொல்லும் பதில் அது. பெரும்பாலும் பழகித்தான் போகும். சிலர் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அப்பா நிறுத்தவில்லை. இட்ட சோற்றை எல்லாம் இடது பக்கமாகவே தள்ளித் தள்ளி மென்றார்.

மௌனத்தின் நடுவில் புழுக்காரரின் கோல் வளைந்தது. சத்தமில்லாமல் ஒரு சின்ன ட்ரவுட்டை வெளியே எடுத்து வாளியில் போட்டார். அது மட்டும் வாளிக்குள் மௌனத்தை மதிக்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"அழுதீங்களா?" என்று மனைவி திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

"அத்தையும் அழல. ரெண்டு பேரும் ஒரே அச்சு."

அவர்களை வீட்டில் விட்டுவிட்டு அவன் மருத்துவமனைக்குப் போனான். விடுமுறை, பின்னறைச் சாவி அவனிடம் இருந்தது. அப்பாவின் செட்டை, தாடை போலவே மூடித் திறக்கும் பித்தளைக் கருவியில் பூட்டினான். இடையில் நீலக் காகிதத்தை வைத்து மெதுவாக மூடினான். செட்டைக் கொடுத்த அன்று செய்திருக்க வேண்டிய பரிசோதனை. அன்று மத்தியானம் மருத்துவர் அவசரப்படுத்தினார். அப்பாதானே என்று விட்டுவிட்டான்.

இடப்பக்கம் ஆறு பல்லில் நீலம் ஒட்டியது. வலப்பக்கத்தில் ஒன்றிலும் ஒட்டவில்லை. இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர்.

அவன் உராய் இயந்திரத்தைப் போட்டு இடப்பக்கத்தைத் தேய்த்தான். மறுபடி காகிதம் வைத்தான். மறுபடி தேய்த்தான். இரண்டு பக்கமும் நீலம் சமமாகப் பட்டது. கழுவி, துடைத்து, அம்மாவிடம் திருப்பிக் கொடுப்பதற்காக டப்பாவில் வைத்தான்.

மொத்தம் எட்டு நிமிடம் ஆனது.